உபகாரச் சம்பளம் பிச்சையல்ல, உழைப்பாளியின் பாத்தியதை!

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளிவரும் நாளில் ஆலைத் தொழிலாளர் லைன் வீடுகளிலும், விவசாயத் தொழிலாளர் குடிசைகளிலும் சந்தோஷம் பொங்குகிறது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டி பேத்தியின் மார்க்கைத் தெருவெல்லாம் சொல்லி மகிழ்கிறாள். மறுநாள் பொழுது விடிந்ததும் அந்தச் சந்தோஷத்தின் மீது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்கிறது: “காலேஜுக்குப் பணத்துக்கு எங்கே போவது?”

தாயின் காதில் கிடக்கும் குண்டுமணிப் பொன் அடகுக் கடைக்குப் போகிறது. கந்துவட்டிக்காரன் வீட்டுத் திண்ணையில் தகப்பன் காத்துக் கிடக்கிறான். அதுவும் நடக்காத வீட்டில், பையன் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறான். பெண் நூற்பாலை ஹாஸ்டலுக்கு மூட்டை முடிச்சுடன் புறப்படுகிறாள். பரீட்சையில் தேறிய குழந்தை பண விஷயத்தில் தோற்றுப்போகிறது. இது அந்தக் குழந்தையின் தலைவிதி என்று ஊர் சொல்கிறது. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம்.

இந்த நாட்டில் ஏழை மாணவருக்கு உபகாரச் சம்பளம் உண்டு. கட்டண விலக்கு உண்டு. மாதாந்திர உதவி உண்டு. இவை யாரும் மனமிரங்கிக் கொடுத்தவை அல்ல. கேட்டும் போராடியும் பெற்றவை. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் பணத்துக்கும் தொழிலாளியின் குடிசைக்கும் நடுவே சான்றிதழ், கெடுதேதி, வருமான வரம்பு, பாங்குக் கணக்கு என்று வேலிமேல் வேலியாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வேலிகளைத் தனியொரு மாணவனால் தாண்ட முடியாது. சங்கம் கூட நின்றால் தாண்டலாம். வேலியைப் பிடுங்கியும் போடலாம்.

17,500 ரூபாயும் ஒரு கால் மணி நேரமும்

2024ம் வருஷம் ஜூன் மாதம் நடந்த சம்பவத்தைக் கவனியுங்கள். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் கூலித் தொழிலாளியின் மகனுக்கு, தன்பாத் ஐ.ஐ.டி.யில் எலெக்ட்ரிகல் இஞ்சினீயரிங் படிக்க இடம் கிடைத்தது. ஜூன் 24ந் தேதி மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட வேண்டும். நாட்கூலி வாங்கும் தகப்பன் ஊரெல்லாம் அலைந்து பணத்தைச் சேர்த்தபோது மணி 4.45. கால் மணி நேரத்தில் பணத்தைக் கட்டி முடிக்க முடியவில்லை. 5 மணிக்குக் கம்ப்யூட்டர் கதவைச் சாத்திவிட்டது. இடம் போயிற்று.

அந்தப் பையன் ஜார்க்கண்ட் போனான். அந்த வருஷத்து நுழைவுப் பரீட்சையைச் சென்னை ஐ.ஐ.டி. நடத்தியதால், சென்னை ஹைக்கோர்ட்டு வரை வந்தான். கடைசியில் டில்லி சுப்ரீம் கோர்ட்டின் படியேறினான். செப்டம்பர் 30ந் தேதி, அரசியல் சட்டத்தின் 142வது ஷரத்தின் கீழ் தனக்குள்ள விசேஷ அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவனுக்கு இடம் கொடுக்கும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

நீதி கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் இதில் ஒரு விசித்திரம் இருப்பதைத் தொழிலாளத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 2016ல் ஐ.ஐ.டி. டியூஷன் கட்டணத்தை வருஷத்துக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தியபோதே, தாழ்த்தப்பட்ட மாணவருக்கும் பழங்குடி மாணவருக்கும் அந்தக் கட்டணம் முழுவதும் விலக்கு என்று அறிவித்தார்கள். அதாவது, உள்ளே போனால் இந்தப் பையனுக்கு டியூஷன் கட்டணமே கிடையாது. உள்ளே போவதற்கு வாசலிலேயே 17,500 ரூபாய்! சலுகையை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாசலில் பூட்டுத் தொங்கவிடும் வித்தை இது. சுப்ரீம் கோர்ட்டு வரை போக முடிந்த ஒரு பையனின் கதை பத்திரிகையில் வந்தது. போக முடியாமல் பாதி வழியில் திரும்பியவர்களின் கதையை யார் எழுதினார்கள்?

யாருடைய பணம்?

“சர்க்கார் இலவசமாகக் கொடுக்கிறது, மக்களைச் சோம்பேறியாக்குகிறது” என்று பட்டணத்துக் கனவான்கள் அங்கலாய்க்கிறார்கள். யாருடைய பணத்தை யாருக்குக் கொடுக்கிறார்கள்?

1972ம் வருஷத்துத் தமிழ்நாடு தொழிலாளர் நல நிதிச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருஷா வருஷம் தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை பிடிக்கப்படுகிறது. அதைப்போல் இரண்டு மடங்கு முதலாளி செலுத்த வேண்டும். தொழிலாளியின் பங்குக்குச் சமமான தொகையைச் சர்க்கார் செலுத்த வேண்டும். தொழிலாளி வாங்காமல் நின்றுபோன சம்பளமும், அவன்மீது போட்ட அபராதமும்கூட இந்த நிதிக்கே போய்ச் சேர வேண்டும். இந்த நிதியிலிருந்துதான் தொழிலாளியின் பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் வருகிறது. இது தொழிலாளியின் வியர்வை, வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருவது. இதில் இலவசம் எங்கே இருக்கிறது? சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தத்தைப் பார்த்தும், எதற்கு என்று கேட்காமல் விட்ட தோழர்கள் எத்தனை பேர்!

நிதியில் பணம் கட்டாத விவசாயத் தொழிலாளியும் சும்மா வாங்குவதில்லை. சோப்புக்கும், துணிக்கும், செருப்புக்கும் அவன் வரி கொடுக்கிறான். கோடீஸ்வரன் அந்தச் சோப்புக்குக் கொடுக்கும் அதே வரி.

இனிப் பெரிய கணக்கு. தாழ்த்தப்பட்ட மாணவருக்கான மேற்படிப்பு உபகாரச் சம்பளம் வெள்ளையர் காலத்திலேயே, 1944ல் பிறந்தது. 1942ல் அம்பேத்கர் வைசிராயிடம் கொடுத்த மகஜர் அதற்கு வழி திறந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1948ல் பழங்குடி மாணவருக்கும் அது விரிந்தது. பிற்காலத்தில் டில்லி ஒரு விதியை வைத்திருந்தது: முந்தைய ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி வருஷத்தில் எவ்வளவு செலவாயிற்றோ அவ்வளவையும் ராஜ்ய சர்க்கார் சுமக்க வேண்டும், அதற்கு மேற்பட்டதை மட்டும் டில்லி கொடுக்கும். இதன் விளைவாக 2017-18 முதல் 2019-20 வரை நாடு முழுவதற்கும் மத்திய சர்க்கார் கொடுத்தது வருஷத்துக்குச் சுமார் 1,100 கோடி ரூபாய்தான். ராஜ்யங்களும் மாணவர் இயக்கங்களும் ஓயாமல் கேட்ட பிறகு, 2020 டிசம்பரில் மந்திரிசபை இறங்கி வந்தது. செலவில் 60 பங்கு மத்திய சர்க்கார், 40 பங்கு ராஜ்ய சர்க்கார் என்றாயிற்று. ஐந்து வருஷத்தில் 4 கோடி மாணவருக்கு மத்திய சர்க்காரின் பங்கு 35,534 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். கேட்டதால்தான் கிடைத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் இந்தத் தொகை பெரிதா, சிறிதா? 2019 செப்டம்பரில் பெரும் கம்பெனிகளின் வரியை 30 சதத்திலிருந்து 22 சதமாகக் குறைத்தார்கள். அதனால் ஒரே வருஷத்தில் கஜானாவுக்கு இழப்பு 1,45,000 கோடி ரூபாய் என்று சர்க்காரே கணக்குச் சொன்னது. நான்கு கோடி தலித் பிள்ளைகளுக்கு ஐந்து வருஷத்தில் கொடுப்பதைப்போல் நான்கு மடங்கு, கம்பெனிகளுக்கு ஒரே வருஷத்தில்! அந்தப் பிள்ளைகளின் தலைக்கு வருவதோ 9,000 ரூபாய்க்கும் குறைவு. சோம்பேறியாவது யார் என்று கனவான்கள்தான் சொல்ல வேண்டும்.

கொடுத்ததைப் பறிப்பதும் நடக்கிறது. 2022ல், சிறுபான்மை மாணவருக்கு 1ம் வகுப்பிலிருந்து 8ம் வகுப்பு வரை கொடுத்துவந்த உபகாரச் சம்பளத்தை நிறுத்தினார்கள். அதே வருஷம், ஆராய்ச்சி மாணவருக்கான மௌலானா ஆசாத் உதவியையும் கைவிட்டார்கள்.

வருமான வரம்பு என்னும் வேலி

மேற்படிப்பு உபகாரச் சம்பளத்துக்குக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. 2013 வாக்கில் வைத்த வரம்பு இது. அரிசி விலை ஏறியது. பஸ் கட்டணம் ஏறியது. காலேஜ் கட்டணம் ஏறியது. 2021 முதல் 2026 வரையிலான திட்டம் வகுத்தபோதும் வரம்பு மட்டும் அசையவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஆலைத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 700 ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்றால் வருஷத்துக்கு 2,18,400 ரூபாய். அவன் மனைவி களையெடுக்கவும் நடவுக்கும் போய், நாளைக்கு 300 ரூபாயாக 120 நாள் சம்பாதித்தால் 36,000. ஆகக் கூடி 2,54,400 ரூபாய். வரம்பைவிட 4,400 ரூபாய் அதிகம்! அந்தத் தாய் பதினைந்து நாள் கூடுதலாகக் குனிந்து நிமிர்ந்த குற்றத்துக்கு, மகளின் உபகாரச் சம்பளம் ரத்து.

ஆனால் முன்னேறிய ஜாதிகளில் ‘பொருளாதாரத்தில் நலிந்தவர்’ யார் என்று 2019ல் வரையறுத்தபோது, வருஷத்துக்கு 8 லட்சத்துக்குக் கீழே சம்பாதிப்பவர் ஏழை என்றார்கள். நிலமற்ற தலித் தொழிலாளி 2.5 லட்சத்தைத் தாண்டினால் பணக்காரன். மற்றவர் மாதம் 60,000 சம்பாதித்தாலும் ஏழை! ஒரே சர்க்காரின் கையில் இரண்டு படி.

இருப்பதை விட்டுவிடாதீர்கள்

வரம்பை உயர்த்தப் போராடுவோம். அதுவரை, இருப்பதை ஒன்று விடாமல் வாங்க வேண்டும். அறியாமையால் நாம் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கஜானாவிலேயே கிடக்கும். “கேட்க ஆளில்லை” என்று அடுத்த வருஷம் ஒதுக்கீட்டை வெட்டுவார்கள்.

முதலாவது, சான்றிதழ்கள். ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே ஈ-சேவை மையத்தில் எழுதிப்போட வேண்டும். வருமானச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். சென்ற வருஷத்துக் காகிதத்தை நம்பி இருந்துவிடக் கூடாது. முடிவு வந்த பிறகு போனால் தாலுகா ஆபீசில் கூட்டம் நெரியும், கெடுதேதி காத்திராது.

இரண்டாவது, பாங்குக் கணக்கு. அது மாணவரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். பள்ளியில் படிக்கும்போது திறந்து, பிறகு தொடாமல் விட்ட கணக்கு உறங்கிப் போயிருக்கும். பணம் வந்து தட்டினாலும் கதவு திறக்காது. பாங்குக்கு ஒரு நடை போய்ச் சரிபார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, எந்த வழியாகச் சேர்வது என்பது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், அக்குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத் தொழிற்கல்வியில் டியூஷன் கட்டண விலக்கு உண்டு. 2010-11 முதல் அமலில் வந்த திட்டம் இது. சர்க்காரின் கலந்தாய்வு மூலம் சேருவோருக்கே இது பொருந்தும். 6ம் வகுப்பு முதல் 12ம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020ம் வருஷத்துச் சட்டப்படியும், இஞ்சினீயரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளில் 2021ம் வருஷத்துச் சட்டப்படியும் 7.5 சத இடம் தனியே உண்டு. அந்த இடத்தில் சேருவோரின் கட்டணத்தைச் சர்க்காரே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது. எனவே, “உடனே சீட்டு தருகிறோம்” என்று வீடு தேடி வரும் ஏஜெண்டின் பேச்சில் மயங்கி மானேஜ்மெண்ட் கோட்டாவில் பிள்ளையைச் சேர்த்துவிடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்தில் இந்தச் சலுகைகள் கைநழுவிப் போகும்.

நான்காவது, மாதாந்திர உதவி. சர்க்கார் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. வேறு உபகாரச் சம்பளம் பெறும் பெண்ணும் புதுமைப் பெண் உதவியைப் பெறலாம். காலேஜில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆபீசில் கேட்டு எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஐந்தாவது, தகப்பனின் தொழிலை வைத்து வரும் உதவி. இதைத்தான் நம்மவர்கள் அதிகமாகத் தவறவிடுகிறார்கள். ஆலைத் தொழிலாளியின் பிள்ளை தொழிலாளர் நல வாரியத்துக்கு மனுப் போடலாம். கட்டடத் தொழிலாளி, சுமைத் தொழிலாளி, தையல் தொழிலாளி முதலியவர்கள் தத்தம் நல வாரியத்தின் மூலம் கல்வி உதவி பெறலாம். பதிவைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். விவசாயத் தொழிலாளருக்கும் சிறு விவசாயிக்கும் 2011ல் வந்த உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி வைக்கப்பட்டது. அந்த அட்டையைப் பெட்டியடியில் போட்டு மறந்துவிடாதீர்கள். பீடித் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மத்திய சர்க்காரின் தொழிலாளர் இலாகா மூலம் தனி உதவி உண்டு.

ஆறாவது, நல்ல மார்க் வாங்கியவர்களுக்கு. பிளஸ் டூவில் முதல் இருபது சதத்தினருக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, வேறு உபகாரச் சம்பளம் பெறாதவர்களுக்கு மத்திய சர்க்காரின் திட்டம் ஒன்று இருக்கிறது. இளங்கலைக்கு வருஷத்துக்கு 12,000 ரூபாய், முதுகலைக்கு 20,000. ஜாதி வரம்பு இதற்குக் கிடையாது.

கடைசியாக ஒன்று. மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கத் தவறாதீர்கள். “ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு” என்பவனும், போனில் கூப்பிட்டு ரகசிய எண் கேட்பவனும் திருடர்கள். சர்க்கார் உபகாரச் சம்பளத்துக்கு முன்பணம் கிடையாது.

பணம் வரும்வரை?

மனு ஏற்கப்பட்டாலும் பணம் உடனே வந்துவிடுவதில்லை. 2021ல் வகுத்த நெறிமுறைப்படி, ராஜ்ய சர்க்கார் தன் 40 பங்கைச் செலுத்திய பிறகுதான் டில்லியின் 60 பங்கு மாணவரின் கணக்குக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் காலேஜ் ஆபீஸ் மாணவரின் கழுத்தைப் பிடிக்கிறது. பரீட்சை ஹால் டிக்கெட்டை நிறுத்திவைப்போம் என்று மிரட்டுகிறது. தகுதியுள்ள மாணவர் முன்பணம் கட்டாமல் சேருவதற்காகவே ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று அந்த நெறிமுறையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். மறுக்கும் காலேஜ் மீது கலெக்டரிடம் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும்.

உபகாரச் சம்பளத்தைத் தாமதப்படுத்திக்கொண்டே, “கடன் வாங்கிப் படி” என்று சொல்வது இன்றைய நாகரிகமாகிவிட்டது. கடன் வேறு, உபகாரச் சம்பளம் வேறு. ஒன்று தொழிலாளியின் பிள்ளையை நிமிர்த்துகிறது. மற்றொன்று வேலை கிடைப்பதற்கு முன்பே அவன் சம்பளத்தை அடகு வாங்குகிறது. ஆயினும் கடன் வாங்கியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், கந்துவட்டிக்காரனிடமும் தனியார் பைனான்ஸ் கம்பெனியிடமும் போகாதீர்கள். சர்க்கார் பாங்குக்குப் போங்கள். கல்விக் கடனுக்கான உத்தரவாதத் திட்டப்படி, 7.5 லட்சம் ரூபாய் வரை நிலப் பத்திரமோ மூன்றாம் ஆள் ஜாமீனோ தேவையில்லை. மானேஜர் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

சங்கங்களின் கடமை

கூலி உயர்வுக்கும் போனசுக்கும் போராடுவது சங்கத்தின் வேலை. பிள்ளை படிப்பு அவரவர் வீட்டு விஷயம் என்று சில தோழர்கள் நினைக்கிறார்கள். இது சரியல்ல. கட்டணத்துக்காகக் கந்துவட்டிக்காரனிடம் மாட்டிய தொழிலாளி, வேலைநிறுத்த நாளில் தயங்கி நிற்கிறான். மிராசுதாரிடம் கைநீட்டி மகளைக் காலேஜில் சேர்த்த விவசாயத் தொழிலாளி, கூலிப் பேச்சில் வாய் திறக்க முடிவதில்லை. படிப்புக் கடன் சங்கத்தின் முதுகெலும்பையே அரிக்கிறது.

ஆகவே ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை, ஒவ்வொரு மில் கமிட்டியிலும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளையிலும் வாரம் இரண்டு மாலை மனு எழுதும் மேஜை ஒன்று போட வேண்டும். காலேஜில் படிக்கும் மாணவர் தோழர்களும் வாலிபர் சங்கத்தினரும் அதில் உட்கார வேண்டும். கிளையின் எல்லைக்குள் பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளின் பெயரை நோட்டில் எழுதி, யார் யாருக்கு எந்தச் சான்றிதழ் வரவில்லை, எந்த மனு எங்கே நிற்கிறது என்று குறித்து வர வேண்டும். நின்றுபோன மனுக்களைத் திரட்டிக்கொண்டு தாசில்தாரிடம் இருபது பேராகப் போனால், ஒரு பிள்ளைக்குத் திறக்காத கதவு திறக்கும்.

அந்த நோட்டே நமது கோரிக்கைக்கும் அத்தாட்சி. அதை வைத்துக்கொண்டு மத்திய, ராஜ்ய சர்க்கார்களிடம் நாம் கேட்கிறோம்:

வருமான வரம்பைக் குறைந்தது 8 லட்சமாக உயர்த்து. விலைவாசிப் புள்ளியோடு அதைச் சேர்த்துக் கட்டு.

காலேஜ் திறந்த ஒரு மாதத்துக்குள் உபகாரச் சம்பளத்தைக் கொடு. பணம் வரும்வரை கட்டணம் கேட்பதைத் தடைசெய்.

தகுதியுள்ள ஏழை மாணவருக்குச் சேர்க்கையின்போது வாங்கும் வாசற்படிக் கட்டணத்தை ஒழி.

2022ல் நிறுத்திய சிறுபான்மை மாணவர் உதவிகளைத் திரும்பக் கொடு.

தொழிலாளர் நல நிதியில் முதலாளிகளின் பங்கை ஒழுங்காக வசூலி; அதன் வரவு செலவை ஆலைவாசலில் ஒட்டு.

இந்தக் கோரிக்கைகளில் ஒன்றுகூட வானத்து நட்சத்திரத்தைக் கேட்பதல்ல. கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்த ஒரு வருஷத்து வரியில் ஒரு பகுதி போதும்.

தோழர்களே! கையில் இருக்கும் திட்டத்துக்கு மனு எழுதுவோம். கைக்கு வராத உரிமைக்கு மகஜர் எழுதுவோம். நமது எல்லைக்குள் தேறிய ஒரு பிள்ளைகூட, பணமில்லாத காரணத்தால் காலேஜ் வாசலிலிருந்து திரும்பக் கூடாது. ஒவ்வொரு கிளையும் இந்த உறுதியை எடுத்துக்கொள்ளட்டும்!